பத்தொன்பதாவது பெயர்

எனக்கு ஒழுங்கில்லாத கடதாசியைக் கண்டால் கோபம் வரும். பிறவிக் குணமா, துபாய் தேராவில் பதினான்கு வருடமாக ஒரே மேசையில் இருந்து வரைபடங்களுக்கு இலக்கம் போட்டதால் பிடித்த வியாதியா தெரியாது. என் வேலைக்கு டொக்கியுமென்ட் கொன்ட்ரோலர் என்று பெயர். பெயர்தான் பெரிது. கட்டட வரைபடம் ஒன்று திருத்தப்பட்டு வந்தால் அதன் பழைய பிரதிகளைத் தேடிப் பிடித்து, செல்லாது என்று சிவப்பு முத்திரை குத்தி, சைற்றில் ஒருவர் கையிலும் மிஞ்சாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பழைய தாள் தப்பினாலும் எவனாவது அதைப் பார்த்துத் தூணை இடம் மாற்றிக் கட்டிவிடுவான். இன்னொரு விதியும் உண்டு. புதிய திருத்தத்தில் எதையாவது நீக்கினால், நீக்கிய இடத்தைச் சுற்றி மேகம்போல ஒரு வளைகோடு வரைந்து, ஏன் நீக்கினோம் என்று எழுத வேண்டும். எழுதாமல் ஒன்று காணாமற்போயிருந்தால் அது பிழை. திருப்பிப் போட வேண்டும். இந்த விதிகளை நம்பித்தான் இவ்வளவு காலமும் சோறு தின்றேன்.

எங்கள் மனேஜர் அயர்லாந்துக்காரர். அந்த நாட்டின் மேற்குக் கரையில் ஏதோ ஒரு மீன்பிடி ஊர். வீட்டில் ஆங்கிலம் பேசாமல், கேலிக் என்ற தங்கள் பழைய மொழி பேசி வளர்ந்தவர். ஒருநாள் தேநீர் நேரத்தில் என் ஊர்ப் பெயருக்கு என்ன அர்த்தம் என்று கேட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டாமல், யாழ் வாசித்த கண் தெரியாத பாணன் ஒருவனுக்கு அரசன் பரிசாகக் கொடுத்த மணல்வெளிதான் எங்கள் ஊர் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்த கதையைச் சொன்னேன். மனுசன் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். அவர்களுடைய நாட்டுக்கும் சின்னம் யாழ்தானாம். அவர்களிடமும் பாணர்கள் இருந்தார்களாம், அரசனுக்குப் பக்கத்தில் ஆசனம் போட்டு இருத்துவார்களாம்.

அடுத்த நாள் காலை ஒரு தடித்த உறையைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே அவர்களுடைய ஊரில் பாடப்பட்ட ஒரு பழைய போர்ப் பாட்டு. மேலே கேலிக், கீழே அவர் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு. நான்கு பிரதிகள்.

"இதை ஒழுங்குபண்ணித் தரமுடியுமா? அல் ஐனில் எங்கள் ஊர்க்காரி ஒருத்தி இருக்கிறாள். மாதக் கடைசிச் சனிக்கிழமை அவள் வீட்டில் நாங்கள் சிலர் கூடுகிறோம். நான் வாசிக்க வேண்டும்" என்றார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன்.

ஓம் என்று தலையாட்டினேன். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது வீட்டுக்குக் கொண்டுபோய் வாசிக்கத் தொடங்கிய பிறகுதான் விளங்கியது.

கதை இதுதான். ஒரு கடற்கரை அரசனின் மாடுகளை அக்கரை வீரர்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். மீட்கப் புறப்பட்ட படை, காற்று எதிராக வீசியதால் கடல் ஒடுங்கும் இடத்தில் மூன்று நாள் காத்துக் கிடக்கிறது. காத்துக் கிடக்கிற நேரத்தில் ஒவ்வொருவனும் தன் தகப்பன், தகப்பனின் தகப்பன், அவனுடைய தகப்பன் என்று வம்சம் சொல்லிப் பெருமை பேசுகிறான். நான்காம் நாள் விடியப் பனிமூட்டத்துக்குள் சண்டை. பாணன் மட்டும் ஒரு பாறையில் யாழோடு இருந்து பார்க்கிறான். அவனை இரண்டு பக்கமும் தொடக்கூடாது, அது சட்டம். சண்டை முடிந்ததும் அவன் இறங்கி வந்து, விழுந்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பாடுகிறான். பாட்டின் உயிரே அந்தப் பெயர்வரிசைதானாம்.

மாட்டுக்காகச் சண்டை பிடிப்பது எனக்குப் புதிதில்லை. உயர்தரத்தில் தமிழ் படித்தவள், ஆநிரை கவர்தலும் மீட்டலும் பாடமாக்கிப் பரீட்சை எழுதியவள். ஆனால் இதில் எனக்குத் தலையும் விளங்கவில்லை, காலும் விளங்கவில்லை. பாணன் சொல்கிற பெயர்களில் சரிபாதி எதிரிகளின் பெயர். அவர்களையும் அதே அளவுக்குப் புகழ்கிறான். அப்படியென்றால் இவன் யாருடைய ஆள்? அடுத்தது, ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு விலக்கு இருக்கிறது. ஒருவன் யாராவது சாப்பாடு தந்தால் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. இன்னொருவன் இடப்பக்கமாகத் திரும்பிக் கடலைப் பார்க்கக்கூடாது. விலக்கை மீறினால் சாவு நிச்சயம். அந்தக் கோதாரி விலக்கை மீறாமல் எவனும் போருக்குப் போவதாயும் இல்லை. இதென்ன விசர் வேலை என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுத்த நாள் ஒஃபிஸ் வாகனத்தில் வரும்போது டிரைவர் அண்ணனிடம் கதையைச் சொன்னேன். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நான் எதைச் சொன்னாலும் நக்கலடிக்காமல் விடமாட்டார்.

"ஏம்மா, வெள்ளைக்காரனும் மாட்டுக்குத்தான் அடிச்சுக்கிட்டானா? எங்க குலசாமியே மாட்டை மீட்கப் போயி செத்தவருதான். வருசா வருசம் கெடா வெட்டுறோம்."

"அண்ணை, எதிரியையும் ஏன் புகழுறாங்கள்?"

"எதிரி சோப்ளாங்கியா இருந்தா நம்மாளு செத்ததுக்கு என்ன மரியாதை? யோசிக்கவேணாமா? படிச்ச புள்ள நீ."

அது கொஞ்சம் விளங்கியது. மனேஜரிடம் போய், "இந்த நான்கு பிரதிகளும் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை. எது சரியானது?" என்று கேட்டேன். "எல்லாம் சரி" என்றார். "அப்படி இருக்கமுடியாது. எது கடைசி?" "பாடுகிறவன் வாயில் கடைசியாக வந்தது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, சவூதியின் யான்புவில் இருந்த எங்கள் சைற்றுக்கு ஒரு வாரத்துக்குப் புறப்பட்டுவிட்டார். கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல நின்றேன்.

இந்த இடத்தில் என் வீட்டுக் கதையையும் சொல்லவேண்டும். சொல்லாமல் மேலே போகமுடியாது.

எனக்கு ஒரு அண்ணா. போர் முடிந்த வருடம், கடைசி மாதங்களில், நாங்கள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து கடற்கரையோரமாக நெருங்கிக்கொண்டிருந்தபோது காணாமற்போனவர். அவர் வீரர் இல்லை. பள்ளிக்கூடத்தில் சண்டை நடந்தால் முதலில் மதில் பாய்கிற ஆள். பகிடி விடுவார், ரேடியோ திருத்துவார், யாருடைய சோற்றுக் கோப்பையிலும் கை வைப்பார். அன்றைக்கு நாங்கள் பதுங்குகுழியை விட்டு வெளிக்கிட்டு அரைக் கட்டை தூரம் நடந்த பிறகு, அம்மா தன் மூக்குக்கண்ணாடியை விட்டுவிட்டு வந்ததாகச் சொன்னா. "நில்லுங்கோ, ஓடிப் போய் எடுத்துக்கொண்டு வாறன்" என்று அண்ணா திரும்பிப் போனார். புழுதிக்குள்ளே போனதைக் கண்டோம். திரும்பி வரவில்லை. விழுந்ததையும் யாரும் காணவில்லை.

பதினாறு வருடமாகிறது. அம்மாவிடம் காணவில்லை என்ற சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அதைக் காலத்துக்குக் காலம் புதுப்பிக்க வேண்டும். அந்த மாதம் மறுபடியும் ஊருக்குப் படிவம் வந்திருந்தது, அம்மா அதன் பிரதியை எனக்கும் அனுப்பியிருந்தா. அதில் இரண்டு கட்டம். காணவில்லை என்பதைப் புதுப்பிக்கலாம், இல்லாவிட்டால் மரணச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு கட்டத்தில் சரி போடவேண்டும். சொந்தக்காரர் எல்லாம் இரண்டாவதைப் போடச் சொல்லி அம்மாவை அரித்தெடுத்தார்கள். எத்தனை நாளைக்கு அந்தரத்தில் விட்டு வைப்பாய், ஒரு திவசம் செய்து ஆத்மாவுக்கு வழிவிடு என்றார்கள். அம்மா முடிவை என் தலையில் போட்டுவிட்டா.

"நீதானே மோனை கடதாசி வேலை செய்யிறனி. எது சரியெண்டு நீ சொல்லு, நான் கையெழுத்து வைக்கிறன்."

அம்மாவுக்கு எழுபத்துநான்கு வயது. தேங்காய் வாங்குவதற்கும் நான்கு பேரிடம் விலை கேட்கிற மனுசி, இதை என்னிடம் விட்டுவிட்டா. மாதம் முடிவதற்குள் சொல்லவேண்டும். இரவும் பகலும் அந்த இரண்டு கட்டமும் கண்ணுக்குள் நின்றன. சாவு என்று போட்டால் நான் என் அண்ணாவைக் கொன்றமாதிரி. காணவில்லை என்று போட்டால் அம்மாவை இன்னும் சில வருடம் கேற் வாசலில் நிறுத்திவைத்தமாதிரி. எனக்குப் பயமாக இருந்தது. அதைவிட, என்னிடம் கேட்டுவிட்டாவே என்று அம்மாவில் கோபமாகவும் இருந்தது.

இந்த மனநிலையோடுதான் நான்கு பிரதிகளையும் மேசையில் பரப்பிவைத்து, வரி வரியாக ஒப்பிட்டேன். பெயர்வரிசையில் வந்து நின்றேன். முதல் மூன்று பிரதிகளிலும் பத்தொன்பது பெயர். மனேஜரே தட்டச்சுச் செய்த நான்காவதில் பதினெட்டு. கடைசிப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வெற்று வரி.

அந்தப் பத்தொன்பதாவது ஆளைப் பற்றி மற்றப் பிரதிகளில் தேடிப் பார்த்தேன். காயப்பட்ட எதிரி ஒருவன் தண்ணீர் கேட்டுக் கத்துகிறான். இவன் தோல்பையில் தண்ணீர் எடுத்துக்கொண்டு பனிமூட்டத்துக்குள்ளே போகிறான். போகக் கண்டார்கள், வரக் காணவில்லை, அவ்வளவுதான். ஒரு வெட்டும் இல்லை, குத்தும் இல்லை, உடலும் இல்லை. ஆனாலும் பாணன் விழுந்தவர்களின் வரிசையில் கடைசியாக அவன் பெயரையும் சொல்லிவிடுகிறான்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "எட, நீ கண்டனியோ?" என்று அந்தத் தாளைப் பார்த்துக் கேட்டேன். "பாறையில ஏறி இருந்துகொண்டு யாழ் மீட்டினவன்தானே நீ. பனிக்குள்ள என்ன நடந்ததெண்டு உனக்கு எப்பிடித் தெரியும்? ஆர் தந்தது இந்த அதிகாரம்?" பக்கத்து மேசைப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் மணிலாக்காரி, தமிழ் தெரியாது. நான் கணக்குப் பார்ப்பதாக நினைத்திருப்பாள்.

அவ்வளவு கோபப்பட்டவள், பிறகு என்ன செய்தேன் தெரியுமா? அந்தப் பெயரை வெற்று வரியில் திருப்பிப் போட்டேன். மனேஜருக்கு இரண்டு தடவை போன் அடித்தேன், சைற்றில் நின்றாரோ என்னவோ எடுக்கவில்லை. வளைகோடு இல்லை, விளக்கம் இல்லை, காணாமற்போயிருக்கிறது, ஆகவே பிழை. விதி அப்படித்தான் சொல்கிறது. விதிக்காகத்தான் செய்தேனா, அல்லது என் அண்ணாவை ஏதோ ஒரு கட்டத்துக்குள் போடச் சொல்கிற உலகத்தில் இவன் மட்டும் ஏன் தப்பவேண்டும் என்ற வயிற்றெரிச்சலில் செய்தேனா? இன்றைக்குவரை எனக்கே விளங்கவில்லை. புதிய பிரதியை வடிவாக அச்செடுத்து, பழைய நான்கிலும் சிவப்பு முத்திரை குத்தி, உறையில் போட்டு ஒட்டினேன்.

சனிக்கிழமை மத்தியானம் பாலைவன வழியால் அல் ஐன் நகரத்துக்குப் போனோம். மனேஜர் வெள்ளிக்கிழமைதான் யான்புவில் இருந்து வந்திருந்தார். புதிய பிரதியை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க நித்திரை. திறந்துகூடப் பார்க்கவில்லை. என்னையும் வரச்சொல்லி வற்புறுத்தியது அவர்தான், எழுதிக் கொடுத்தவள் கேட்கவேண்டுமாம். டிரைவர் அண்ணன் வண்டியைக் கேற்றுக்கு வெளியே நிழலில் விட்டுவிட்டு, "போயி பாட்டுக் கேளும்மா, நான் ஒரு தூக்கம் போடுறேன்" என்றார்.

அந்த வீட்டுக்காரி நேர்ஸ். ஐம்பத்தைந்து வயதிருக்கும், உயர்ந்த பெண், பெரிய கை. முற்றத்தில் பேரீச்ச மரத்தடியில் எட்டுப் பத்துக் கதிரை போட்டு, தானே சுட்ட ரொட்டியும் வெண்ணெயும் வைத்திருந்தாள். எனக்குக் கறுப்புத் தேநீரில் சீனி எவ்வளவு என்று கேட்டு, கேட்டதைவிட ஒரு கரண்டி கூடப் போட்டாள். மார்கழிக் குளிரில் வெயில் இதமாக இருந்தது.

மனேஜர் எழுந்து நின்று கேலிக்கில் வாசித்தார். என் கையில் ஆங்கிலப் பிரதி. ஒஃபிஸில் மூக்குச் சிவக்க ஈமெயிலைத் திட்டுகிற மனுசனின் குரல் அது இல்லை. எங்கோ நெஞ்சுக்கு அடியில் இருந்து வந்தது. மாடுகள் போயின, படை காத்திருந்தது, பனி இறங்கியது. எனக்கு ஒரு சொல்லும் தெரியாது, ஆனால் எந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று தெரிந்தது. பெயர்வரிசை தொடங்கியபோது அங்கிருந்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒவ்வொரு பெயருக்கும் அவர் தாளைப் பார்த்தார், நிமிர்ந்தார், பார்த்தார், நிமிர்ந்தார். அந்த வேகத்திலேயே பத்தொன்பதாவதையும் பார்த்தார். சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரியின் கை கோப்பையை மேசையில் வைத்தது. எழும்பினாள். ஒருவரையும் பாராமல் உள்ளே போனாள். ஒருவரும் அசையவில்லை. மனேஜர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை எந்தப் பிழைக்கும் அவர் என்னைப் பார்த்ததில்லை.

நான் கிட்டப் போனேன். தாழ்ந்த குரலில் சொன்னார். அந்தப் பெயர் அவர்களுடைய ஊரில் தலைமுறை தலைமுறையாக இந்தப் பெண்ணின் குடும்பத்தில் வைக்கிற பெயர். இவளுடைய தம்பிக்கும் அதே பெயர். பதினொரு வருடத்துக்கு முதல் மீன்பிடி வள்ளத்தில் கடலுக்குப் போனவன் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. உடல் கிடைக்காத ஒருவன் உள்ள வீட்டில் இந்தப் பாட்டைப் பாடினால், பாடுகிறவன் அந்தப் பெயரை விட்டு, ஒரு மூச்சு அளவுக்கு நிறுத்திவிட்டுப் போவான். இருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். அது அவர்கள் ஊர் வழக்கம்.

"அந்த வெற்று வரி அதற்காகத்தான் விட்டேன்" என்றார். "உனக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை."

ஐயோ கடவுளே என்றாகிவிட்டது எனக்கு. இந்த உலகத்தில் வேறு எவருக்குத் தெரியாமல் போனாலும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? நான்கு பிரதிகளையும் ஒப்பிட்டேன், வரி எண்ணினேன், அந்த வெற்று வரி ஒரு மனுசிக்காக விட்ட இடம் என்று ஒரு நிமிடம் யோசித்தேனா? மன்னிப்புக் கேட்காமல் அந்த முற்றத்தில் நிற்க என்னால் முடியவில்லை. உள்ளே போனேன்.

அவள் குசினியில் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுவ ஒன்றும் இல்லை. முகமெல்லாம் ஈரம்.

"நான்தான் அதை எழுதினேன்" என்றேன். "அவர் விட்டிருந்தார். நான் பிழையென்று நினைத்துப் போட்டுவிட்டேன். என்னை மன்னியுங்கள்."

குழாயை மூடினாள். "நீயா?" என்றாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். ஈரக் கை. "பதினொரு வருடமாக என் முன்னால் ஒருவரும் அவன் பெயரைச் சொன்னதில்லை. என் தாய் சொல்லமாட்டாள். கோயிலில் சொல்லமாட்டார்கள். நான் வருகிறேன் என்று தெரிந்தால் தங்கள் பிள்ளையை அந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடாமல், ஏய் என்று கூப்பிடுவார்கள். எல்லோரும் நல்லவர்கள். அந்த நல்லவர்களால் எனக்கு மூச்சு முட்டுகிறது. இன்றைக்குத்தான் காதால் கேட்டேன்." சிரித்தாள், உடனே அழுதாள். பிறகு, "இன்னொரு தடவை சொல்லு" என்றாள்.

சொன்னேன். என் வாயில் அந்தப் பெயர் எப்படிச் சிதைந்து வந்ததோ, அவளுக்கு அது காரியமில்லை. தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாள்.

திரும்பி வரும்போது மனேஜர் பெயர்வரிசைத் தாளை மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். பாலைவன மணல் சிவந்துகொண்டு வந்த நேரத்தில், "இத்தனை வருடமும் நாங்கள் அவளுக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தோம்" என்றார். என்னைத் திட்டவேண்டுமா, எனக்கு நன்றி சொல்லவேண்டுமா என்று அவருக்கும் தெரியவில்லை. எனக்கும் நான் செய்தது குற்றமா உபகாரமா என்று தெரியவில்லை. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா, பாட்டுக் கேக்கப் போனீங்களா, எழவு வீட்டுக்குப் போனீங்களா?"

"ரெண்டும்தான் அண்ணை" என்றேன்.

அன்றிரவு படுத்தபடி யோசித்தபோதுதான் ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டிலும் அண்ணாவின் பெயரை யாரும் சொல்வதில்லை. 'அந்த அலுவல்' என்போம். 'அந்தக் கடதாசி' என்போம். 'அவன்ர படம்' என்று அம்மா சொல்லுவா, அதற்கு மேலே போகமாட்டா. பதினாறு வருடமாக நானும் அம்மாவும் போனில் கதைத்த கதை எல்லாம் சேர்த்தால் எத்தனையோ நாள் வரும். அதில் ஒரு தடவைகூட அந்தப் பெயர் இல்லை. எங்களுக்கும் மூச்சு முட்டுகிறது, அதனால்தான் அந்த இரண்டு கட்டத்துக்கும் முன்னால் இப்படி விறைத்துப்போய் நிற்கிறோம் என்று எனக்குப் பட்டது. பெயரைச் சொல்லவேண்டும். சொன்னால் அம்மா அழுவா. அழுது முடிந்தால் மனம் ஆறும், பிறகு இரண்டாவது கட்டத்தில் சரி போட்டு, அண்ணாவுக்குச் செய்யவேண்டியதைச் செய்யலாம். எல்லாம் தெளிவாகிவிட்டதுபோல இருந்தது. பல நாளைக்குப் பிறகு நன்றாக நித்திரை கொண்டேன்.

காலையில் எழும்பி முகம் கழுவி, தேநீர்கூடக் குடிக்காமல் அம்மாவுக்கு எடுத்தேன். அம்மா சமைத்துக்கொண்டிருந்தா. பின்னால் தாளிக்கிற சத்தம் கேட்டது.

"என்ன பிள்ளை, வெள்ளனவா எடுத்திருக்கிறாய்? சுகமா இருக்கிறியே?"

"ஓம் அம்மா" என்றேன். பிறகு அண்ணாவின் பெயரைச் சொன்னேன். முழுப் பெயரை இல்லை, வீட்டில் கூப்பிடுகிற பெயரை. அதோடு வேறொரு சொல்லும் சேர்க்க எனக்கு வரவில்லை, பெயரை மட்டும் சொல்லிவிட்டு நின்றேன்.

கரண்டி விழுந்த சத்தம் கேட்டது.

"என்ன? என்ன பிள்ளை சொல்லுறாய்? ஏதும் தகவல் வந்ததே? ஆர் கண்டது? அங்கயே நிக்கிறான்? துபாயிலயே?" அம்மாவின் குரல் முப்பது வயதுக் குரலாகிவிட்டது. செருப்புத் தேடுகிற சத்தம், கதவு திறக்கிற சத்தம், பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிற சத்தம். "பிள்ளை, போனை அவனிட்டக் குடு. குடன் பிள்ளை."

"அம்மா. அம்மா, நில்லுங்கோ. தகவல் ஒண்டும் இல்லை."

"பின்னை?"

"சும்மா சொன்னனான்."

அந்தப் பக்கம் அடுப்பில் ஏதோ கருகுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அம்மா அதை இறக்கப் போகவில்லை என்று தெரிந்தது. அல் ஐனில் ஒரு மனுசிக்கு மருந்தாக இருந்தது இங்கே என்னவாகிப்போனது என்று விளங்காமல், போனைக் காதில் வைத்தபடி குசினிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் அம்மா கதைத்தா. கோபம் இல்லை. சரியான களைப்பு.

"சும்மா சொல்லுற பேரே பிள்ளை அது? சாப்பிட்டியோ எண்டு அவனைக் கேக்க வாயெடுத்திட்டன்."

நான் தரையில் இருந்து அழுதேன். அம்மா அழவில்லை. வை பிள்ளை, கறி கருகுது என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தா.

அன்றைக்குப் பின்னேரம் படிவத்தை நிரப்பி, படம் பிடித்து அம்மாவுக்கு அனுப்பினேன். காணவில்லை என்பதைப் புதுப்பிக்கிற கட்டத்தில்தான் சரி போட்டிருந்தேன். ஏன் என்று அம்மா கேட்கவில்லை. மறுநாளே அதை அச்செடுத்துக் கையெழுத்து வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்து, வரிசையில் சரியான சனம் என்று மட்டும் சொன்னா.